முழங்கால் மடிக்கும் வண்டி

எங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டி 1999ஆம் ஆண்டில் செய்யப்பெற்றது. காடு மேடு பாராமல் ஏறவல்ல வெளிநாட்டு வண்டி. புனே நகரில் குடியேறிய நாள்முதல் ஆடம்பரம் எதனையும் நாடாத நாங்கள், பிறர் கழித்த இவ்வண்டியை வாங்கியதற்குக் காரணம் ஒன்றே. பொத்தானை அழுத்தினால் அது தன் உடலை ஏறத்தாழ 2 அங்குலம் தாழ்த்திக்கொள்ளும். யானை, பாகன் ஏறுவதற்குக் காலை மடித்துக் கொடுப்பது போல என்பார் அம்மா. மூட்டுத் தேய்ந்த அவருக்கு அந்த 2 அங்குலம் பெரிய உதவி.

மற்ற வண்டிகளில் எஃகுப் பட்டையோ சுருள்வில்லோ தாங்கும் பாரத்தை, இதில் நான்கு ரப்பர்ப் பைகளில் அடைபட்ட காற்றே தாங்குகிறது. 1950களில் அமெரிக்கப் பேருந்துகளிலும், 1957இல் காடிலாக் கார் ஒன்றிலும் இடம்பெற்ற இவ்வேற்பாடு, 1990களில் மலையேறும் வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. கம்ப்ரஸர் காற்றை இழுத்து, ஈரத்தை உறிஞ்சும் மணிகளின் ஊடே செலுத்தி, ஒரு கலனில் சேர்த்து வைக்கிறது. சாதாரணக் கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றினும் நான்கைந்து மடங்கு அழுத்தம் உடையது அது. வால்வுகள் அதைச் சக்கரத்துக்கு வேண்டியவாறு பகிர்ந்தளிக்கின்றன.

2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, வண்டி முன்பக்கத்து இடது மூலையில் சரிந்து கிடந்தது. ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம். 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். ரயிலின் செங்குத்தான படி அம்மாவுக்கு ஆகாது. வண்டியை நம்பியே வருவதாகச் சொல்லியிருந்தார்.

பணிமனையில் காட்டினோம். “பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு சுருள்வில் மாட்டிவிடுங்கள், பிறகு தொல்லையே இல்லை” என்றார்கள். அது பொய்யன்று, பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் வில் மாட்டிய வண்டி எவருக்காகவும் தாழ்ந்து கொடுக்காதே! வீட்டிலேயே பழுது பார்ப்பது என்று தந்தையும் மகனுமாகிய நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

முதலில் தவறினோம். ஓயாமல் ஓடிச் சூடேறி நின்றுபோன கம்ப்ரஸர்தான் குற்றவாளி என்று கருதிப் புதிது வாங்கிப் பூட்டினோம். இரண்டாம் நாளே அதுவும் கொதித்தது. வாசற்படியில் அமர்ந்திருந்த அம்மா, “ஏண்டா, சைக்கிள் கடைக்காரன் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்த பிறகுதானே ஒட்டுப் போடுவான்?” என்று கேட்டார். வண்டியைத் தொட்டியில் அமுக்க முடியுமா என்று சிரித்தோம். சிரித்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் கரைத்தோம்.

குழாய் இணைப்புகளிலும் வால்வுப் பெட்டியிலும் பூசிப் பார்த்தோம். ஒரு குமிழும் இல்லை. பையின் மீது பூசினோம், அங்கும் இல்லை. அப்பொழுதுதான் மகனுக்கு ஒன்று தோன்றியது. ரப்பர்ப் பை அடிப்புறத்தில் தன்மேல் தானே மடிந்திருக்கிறது; வெடிப்பு அம்மடிப்புக்குள் ஒளிந்திருந்தால்? வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு எழுப்பி, அடிச்சட்டத்துக்கு இரும்புத் தாங்கிகள் கொடுத்து, விரிந்த மடிப்பில் மீண்டும் பூசினோம். வெடிப்பின் நெடுகிலும் நுரை பொங்கி வந்தது. அக்கசிவை ஈடுகட்ட ஓடி ஓடியே பழைய கம்ப்ரஸர் மாண்டிருந்தது. அதன் பணம் போனது போனதுதான்.

புதுப்பை பம்பாயிலிருந்து வந்தது. காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்னரே குழாயைப் பிடுங்க வேண்டும். அதன் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்டினோம்; சாய்ந்த வெட்டு மீண்டும் கசியும். வேலையின் நடுவே ஜாக்கி நழுவியது. வண்டி “டங்” என்று தாங்கியின் மேல் அமர்ந்தது. மகனின் கை அப்பொழுது சக்கரத்தின் உட்புறம் இருந்தது. தாங்கி வைக்க ஐந்து நிமிடம் ஆகிறதே என்று அன்று காலையில்தான் அலுத்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அம்மாவிடம் இதுவரை சொல்லவுமில்லை.

வெறும் பையின் மேல் வண்டியை இறக்கினால் மடிப்பு நசுங்கிப் புதுப்பையும் கிழியும். ஆகவே முதலில் காற்றை ஏற்றிப் பை சீராக மடிந்ததைப் பார்த்தே பாரத்தை இறக்கினோம். ஈரம் ஊறிப் பொடியாகிவிட்ட மணிகளையும் மாற்றினோம். இரவு நாடா பிடித்துச் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவுவரை அளந்து சுவரில் குறித்தோம். காலையில் அளவு மாறவில்லை.

ஆவணியில் புறப்பட்டோம். ஹூப்ளியில் தேநீருக்கு நின்றபோதும், கிருஷ்ணகிரியில் உணவுக்கு நின்றபோதும், நாடாவும் கையுமாக இறங்கிய எங்களைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ! மறுநாள் மாலை பெரியப்பா வீட்டு வாயிலில் பொத்தானை அழுத்தினோம். வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. தெருப்பிள்ளைகள் கூடி நின்று, மறுபடியும் செய்து காட்டச் சொன்னார்கள். அம்மா யார் தோளையும் பற்றாமல் இறங்கினார்.

ஏனைய மூன்று பைகளும் பழையவையே. பின்பக்கத்து வலப்புறப் பை இப்பொழுது இரவுக்குக் கால் அங்குலம் இறங்குகிறது. சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அம்மா திண்ணையிலேயே வைத்திருக்கிறார்.