தேயும் பிள்ளையார்

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் குத்துவிளக்கும் சொம்பும் துலக்கப் போகும்போது பூஜை அறைச் சிலைகளும் கூடவே போய்விடுகின்றன. அதே புளி, அதே நார். விளக்குக்கு அது பரவாயில்லை, இழப்பதற்கு அதற்கு முகம் கிடையாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதன் மேல் ஏறும் கறுப்பை வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சிலையின் மேல்தோல்தான். காற்றும் ஈரமும் பட்டு நிறம் மாறியிருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தத் தோலைக் கரைத்தெடுக்க, அடியிலிருக்கும் உலோகம் மின்னுகிறது. சில வாரங்களில் அதுவும் கறுக்கும், மறுபடி புளி. வெகுநேரம் ஊறவிட்டால் துத்தநாகம் முந்திக் கரைந்து சிலை செம்பு நிறமாகச் சிவந்துபோவதும் உண்டு. இரண்டு தலைமுறை துலக்கிய கையகலப் பிள்ளையாரை எடுத்துப் பாருங்கள். கண்ணிமைக் கோடு இருக்காது, தும்பிக்கை மடிப்பு வழுவழுத்திருக்கும், மோதகம் எது விரல் எது என்று தெரியாது. ஆனால் நார் எட்டாத பீடத்து இடுக்கில் சிற்பி உளியால் கீறிய கோடு கூர்மை மாறாமல் இருக்கும். வயதால் தேய்ந்ததென்றால் அந்தக் கோடும் அல்லவா போயிருக்க வேண்டும்?

கோயிலில் நாள் தவறாமல் அபிஷேகம் நடக்கிறதே, அங்கே ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதிலும் கோயிலிலேயே இருக்கிறது. பல கோயில்களில் அன்றாட அபிஷேகத்தை ஏற்பவர் கருங்கல் மூலவர். ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி என்பதால் அவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புதான். திருமலையில் ஆண்டுதோறும் நடக்கும் ஜேஷ்டாபிஷேகத்தின் நோக்கம் இன்னும் வெளிப்படை. அடிக்கடி நடக்கும் திருமஞ்சனத்தில் உற்சவரான மலையப்ப சுவாமியின் திருமேனி தேய்ந்துவிடக் கூடாதென்று தங்கக் கவசம் சாத்துகிறார்கள். மறு ஆண்டு ஜேஷ்டாபிஷேகம் வரை அது களையப்படுவதில்லை. உலோகம் தேயும் என்பதை மரபு கணக்கில் வைத்திருக்கிறது. வீட்டுப் பூஜையில்தான் அந்தக் கணக்கு விட்டுப்போயிற்று.

அதற்காக அபிஷேகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பாலும் பஞ்சாமிர்தமும் கொஞ்ச நேரத்தில் சிலையைக் கெடுத்துவிடாது, பிறகு இடுக்கில் தங்குவதுதான் கெடுக்கும். வெறும் தண்ணீரில் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி, திருவாசித் துளை, காதின் பின்புறம், பாதமும் பீடமும் சேரும் இடம் என்று துணி முனையைத் திரித்துவிட்டு ஈரத்தை எடுத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நேற்றைய சந்தனத்தைத் துடைக்காமல் அதன்மேலேயே இன்றைய பொட்டை வைப்பதும் ஈரத்தைக் கட்டிவைப்பதுதான். எண்ணெய் தடவி வைக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. நாள்பட்ட எண்ணெய் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகிவிடும், தூசியையும் பிடித்துவைக்கும்.

கறுத்த சாமியை எப்படிக் கும்பிடுவது என்பது மனசு சம்பந்தப்பட்ட ஆட்சேபம்; எளிதில் தள்ள முடியாது. ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன் நிற்கும் யாரும் ஏன் மின்னவில்லை என்று கேட்பதில்லை. சீராகப் படிந்த பழுப்பு, அடியிலுள்ள உலோகத்துக்கு ஓரளவு காப்பு. அஞ்ச வேண்டியது, புள்ளி புள்ளியாகக் கிளம்பி, தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூளுக்கு. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே புகுந்தால் இப்படி ஆகும். ஈரக்காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரை அரிப்பு நிற்காது. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்க்கிற கைவைத்தியம் இதற்கு வாசல் திறந்துவிடுகிறது. துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் சிலையை ஈரமில்லாத இடத்தில் தனியே வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுவதே சரி. கடையிலிருந்து ‘ஆன்டிக்’ நிறத்தில் வரும் புதுச் சிலைகளின் சங்கதி வேறு. அந்தக் கறுப்பு செயற்கையாக ஏற்றியது, புளி பட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். பண்டிகைக்காவது மினுக்கம் வேண்டும் என்பவர்கள் பீடத்தையும் திருவாசியையும் மட்டும் மெதுவாகத் துலக்கிக்கொள்ளலாம். சுற்றிலும் மின்னும்போது நடுவிலுள்ள பழுப்பேறிய முகம் எடுப்பாகவே தெரியும்.