கிராவல் வந்த வழி

"இறங்கி உருட்டிக்கினு போ தம்பி. வரப்பு ஒடஞ்சிடும்."

மரக்காணம் உப்பளத்தில், தலையில் உப்புக் கூடையோடு எதிரே வந்த பெரியம்மா அப்படிச் சொன்னார். நான் ஓட்டிவந்தது கிராவல் பைக். 40 மில்லிமீட்டர் அகல டயர். சரளையிலும் மணலிலும் போவதற்கென்றே செய்த வண்டி. எங்கும் போகும் என்று நம்பித்தான் வாங்கினேன். ஒன்றரை அடி அகல வரப்பில் அதற்கு வழியில்லை என்று அவர் சொன்னதும் இறங்கினேன். கூடை என்னைக் கடந்து போனது. அப்போது எழுந்த கேள்விதான் இந்தத் தேடல்: நான் ஓட்டித் திரியும் இந்த மண்வழிகளை யார் போட்டார்கள்?

கிராவல் எங்களுக்குப் புதிய சொல் இல்லை. வாசலில் பள்ளம் விழுந்தால் ஒரு லோடு கிராவல் அடிப்போம். உப்பு லாரி போகும் பாதை மழையில் சேறானால் அதன்மேலும் செம்மண் கிராவல்தான் கொட்டுவார்கள். அதே சொல் ஒரு சைக்கிளின் பெயராகத் திரும்பி வந்தபோது அதன் பின்னால் போய்ப் பார்த்தேன். இத்தாலியில் கியாந்தி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளை மண் சாலைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகத் தாருக்கு அடியில் மறைவது கண்டு மனம் பொறுக்காத ஜியான்கார்லோ ப்ரோச்சி, 1997இல் பழைய சைக்கிள்களில் அந்தச் சாலைகளில் ஓட்டும் 'எரோய்கா'வைத் தொடங்கினார். அமெரிக்காவின் கன்சாஸில் 2006இல் தொடங்கிய 200 மைல் கிராவல் பந்தயம் இந்த ஓட்டத்தை உலகெங்கும் பரப்பியது. இரண்டில் ப்ரோச்சி செய்தது எனக்கு நெருக்கமானது. ஒரு மண்சாலை பிழைக்க வேண்டுமென்றால் அதில் யாராவது போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் யார்? முதலில் பக்கிங்காம் கால்வாய்க் கரைக்குப் போனேன். 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாயின் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் போயின. காற்று இருந்தால் பாய், ஆழம் குறைந்தால் கழி, இரண்டும் உதவாதபோது கயிறு. ஆட்கள் கரையில் நடந்து படகை இழுத்தார்கள். தோளில் கயிறு அழுந்த நடந்தவர்களின் தடம் அந்தக் கரைப்பாதை.

சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் வெகுகாலம் விடுபட்டிருந்தது. அதை வெட்டியவர்கள் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊர்களை விட்டு வந்தவர்கள். அந்தக் காலத்தில் பஞ்ச வேலைக்கு அரசு அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, வளர்ந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அந்தத் தானியம் அரைக் கிலோவுக்கும் குறைவு. உடலுழைப்புக்கு இது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி வாதாடினார். கால்வாய்க்கு நிலைத்த பெயரோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுடையது. பஞ்சத்தில் வந்தவர்கள் வெட்டிய அந்த 8 கிலோமீட்டரால்தான் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. மரக்காணத்து உப்பு படகு மாறாமல் சென்னையைத் தாண்ட வழி பிறந்தது.

கால்வாய்க்கு முன்பு? சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. அது நெய்தல் நிலம். உப்பு வாங்கி உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உமணர்கள். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள, வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிப் போனார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். அதைப் படித்த அன்று என் வண்டியைப் போய்ப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு மாற்று டியூப். இரண்டாயிரம் ஆண்டுகளாக மண்வழி கேட்பது இந்த முன்யோசனையைத்தான்.

வழி போட்டவர்கள் ஓரளவு தெரிந்தார்கள். வழியில் கிடக்கும் சிவப்பு மண் எங்கிருந்து வந்தது? உப்பளத்து மண் கறுப்புக் களி. டீக்கடையில் ஒரு லாரி ஓட்டுநர் தெற்கே கை காட்டினார்: "மேட்டுலேர்ந்துதாங்க."

மேட்டை நோக்கி ஓட்டினேன். கழுவேலியின் சதுப்பைத் தாண்டியதும் நிறம் மாறத் தொடங்குகிறது. சவுக்கு, பனை, பிறகு முந்திரித் தோப்பு. கியாந்திக்குத் திராட்சை எப்படியோ, இந்தச் செம்மண்ணுக்கு முந்திரி. நிறத்துக்குக் காரணம் கடலூர் மணற்பாறையில் ஊறிய இரும்பு. அதே பாறையில்தான் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781இல் அவற்றைப் பதிவு செய்தார். என் டயருக்கடியில் நொறுங்கும் சரளையின் பிறப்பு அத்தனை தூரத்தில் இருக்கிறது.

அந்த மேடு ஒருகாலத்தில் மொட்டையாகிக் கிடந்தது. மரம் போன பிறகு மழைக்குப் பிடிமானமில்லை. செம்மண் ஓடைகளாகக் கரைந்து கடலைச் சிவக்க வைத்தது. 1968இல் அங்கே ஆரோவில் நகரம் தொடங்கியபின் வந்தவர்களும் சுற்றுக் கிராமத்தவர்களும் முதலில் கட்டியவை மண்வரப்புகள். தண்ணீர் நின்றது, மரம் நின்றது. இந்த மண்ணுக்கு எந்த மரம் என்பதைச் சொல்லிக்கொடுத்தவை கோயில் காடுகள். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போன்றவற்றில்தான் இந்தக் கரைக்குரிய உலர் பசுமைமாறாக் காடு வெட்டுப்படாமல் மிஞ்சியிருந்தது. சாமி காட்டில் குச்சி ஒடிக்கக்கூடாது என்ற அச்சம் காத்த விதைகள் மேட்டுக்குப் போய் மரமாயின. இன்று அந்த நிழலில் ஓடும் செம்மண் தடங்களில் சைக்கிள் ஓட்டும்போது, வரப்பு இல்லையென்றால் இந்தக் காடு இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

வரப்பு என்றதும் பெரியம்மா நினைவுக்கு வந்தார். திரும்பி வந்து அவரைத் தேடிக் கண்டேன். வரப்பு எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். மழை முடிந்து தண்ணீர் வடிந்ததும் களியை அள்ளி வைத்து மிதிப்போம் என்றார். பாத்தித் தரையும் அப்படித்தான். உப்பில் மண் ஏறாதபடி இறுகும்வரை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மழை கரைக்கும். ஒவ்வொரு வருஷமும் மிதிப்பார்கள். "ஒரு கோடு விழுந்தா போதும் தம்பி, ராத்திரிக்குள்ள தண்ணி அதுல வழிஞ்சிடும்" என்றார். சூட்டில் பல நாள் காய்ந்து கனத்த உப்புநீர் அது. அதன் விலை அவர்கள் கூலி.

கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகளைப் பார்க்க இனி இன்னும் பலர் சைக்கிளில் வருவார்கள். வர வேண்டும் என்றே விரும்புகிறேன். கிராவல் பாதையிலும் கால்வாய்க் கரையிலும் ஆசைதீர ஓட்டலாம். ஓட்ட ஓட்டத்தான் அவை உயிரோடிருக்கும். உப்பள வரப்பு வேறு. அது ஒரு வருஷத்துக் கால்கள் மிதித்துக் கட்டியது.

அங்கே நான் இப்போது யாரும் சொல்லாமலே இறங்கிவிடுகிறேன்.