கறுத்த நீரில் இறங்கிய கைகள்

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் ஓய்ந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வடசென்னையின் எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறும் நீரின் விளிம்பில் நுரை இல்லை. தார் நிறத்தில் ஒரு கோடு, வெயில் படும் இடங்களில் நீலமும் ஊதாவும் மினுங்க, கரைக் கற்களின் மேல் ஊர்ந்து வருகிறது. நீர் வற்றும்போது அந்தக் கோடு கூடவே இறங்குவதில்லை. கல்லில் தங்கிவிடுகிறது. படகுகளின் விலாவில், வலைகளின் மடிப்பில், எர்ணாவூர் வீடுகளின் சுவரில் எங்கும் அதே கறுப்புக் கோடு. வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் மணலித் தொழிற்பகுதி மூழ்கியது. அங்கிருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்காம் கால்வாய் அதைக் கொசஸ்தலையாற்றில் சேர்த்தது. ஆறு கடலில் சேர்த்தது. கடலில் மட்டும் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் படலம் பரவியது.

கழிமுகத்தில் படகுகள் நிற்கின்றன. படகுக்கு மூன்று பேர், நான்கு பேர். யாரிடமும் வலை இல்லை. பிளாஸ்டிக் மக்கு, பக்கெட், நீல டிரம். ஒருவர் படகின் ஓரத்தில் குனிந்து, நீரைக் கலக்காமல், மேலாக மக்கைச் சாய்த்து எண்ணெயை மட்டும் வழித்தெடுக்கிறார். கலங்கினால் எண்ணெய் விலகிப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மீன் கலையாமல் துடுப்புப் போடத் தெரிந்த கை அது. மக்கு நிறைய நேரமாகிறது. டிரம் நிறைய இன்னும் நேரமாகிறது. அதற்குள் படகின் மறுபுறம் படலம் மறுபடியும் மூடிக்கொள்கிறது.

கரையிலிருந்து ஓர் இளைஞர் குரல் கொடுக்கிறார்.

"கையுறை போட்டுக்கலையாண்ணே?"

"போட்டேன்பா. வழுக்குது. மக்கு கையில நிக்கல."

அவ்வளவுதான் பேச்சு. அவர் மறுபடி குனிகிறார். முழங்கை வரை கறுப்பு. கண் எரியும்போது துடைத்துக்கொள்ளத் தோள் மட்டுமே மிச்சம் இருக்கிறது. தோளால் துடைத்துக்கொள்கிறார்.

சற்றுத் தள்ளிச் சேற்றோரமாக ஓர் அம்மாள் நிற்கிறார். இந்தக் கழியில் கையாலேயே தடவி இறால் பிடிப்பவர்களில் ஒருவர். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றுக்குள் விரல்களை ஓட்டி, அகப்பட்டதை வாயில் கவ்விய பறியில் போடுகிற தொழில். வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். விரல் நுனிதான் முதல். இன்று சேற்றில் காலை வைத்து எடுக்கிறார். விரல் இடுக்குகளில் பிசுபிசுப்பு. குழிந்த அடிச்சுவட்டில் உடனே வானவில் நிறம் படர்கிறது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கணுக்காலைத் துடைத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் பறியை எடுத்துக்கொண்டு நடக்கிறார். பறி காலி.

நட்டு வைத்த கம்பங்களில் ஒன்றில் ஒரு கூழைக்கடா. சாம்பலும் வெள்ளையுமாக இருக்க வேண்டிய மார்பு செம்பழுப்பாகிக் கிடக்கிறது. அலகை மார்பில் புதைத்துக் கோதுகிறது, கோதிக்கொண்டே இருக்கிறது. நீர் ஒட்டாத இறகுதான் அந்தப் பறவைக்கு உடுப்பும் தோணியும். எண்ணெய் ஏறினால் இறகிழைகள் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தோல்வரை போய்விடும். சுத்தம் செய்யக் கோதக் கோத, எண்ணெய் வயிற்றுக்குள் இறங்கும். வனத்துறையினர் படகில் மெல்ல நெருங்குகிறார்கள். பறவை கனத்த சிறகை விரித்து எழுகிறது, கொஞ்ச தூரம் போகிறது, மறுபடி அதே கறுத்த நீரில் இறங்குகிறது. பறக்கத் தெம்பு இருக்கும்வரை அதைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடிகிற நிலைக்கு வரும்போது காப்பாற்றுவது கடினமாகிவிடும். படகில் வந்தவர் வலையைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

கரையோர அலையாத்திச் செடிகளின் அடியில் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேர்கள் எல்லாம் கறுத்திருக்கின்றன. வேர்கள் மூச்சு வாங்கும் நுண்துளைகள் அவற்றில்தான் இருக்கின்றன. இலைகள் இன்னும் பச்சையாகவே தெரிகின்றன. வேர் அடைத்தது இலைக்குத் தெரிய நாளாகும். நண்டு வளைகளின் வாயில் எண்ணெய் வளையமிட்டிருக்கிறது. நண்டைக் காணவில்லை.

சந்தையில் மீன்காரம்மாவின் கூடையில் வஞ்சிரமும் சங்கராவும் இருக்கின்றன.

"எண்ணூர் மீனாம்மா?"

"இல்லம்மா. காசிமேட்டு மீனு. மோந்து பாரு."

கேட்டவர் மோந்து பார்க்கவில்லை. நகர்ந்துவிடுகிறார். அந்தக் கூடைமீனில் எண்ணெய் ஒட்டவில்லை. ஊரின் பேரில் ஒட்டியிருக்கிறது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது; அகற்றி முடிக்கக் கெடு வைத்தது. மிதவைத் தடுப்புகள் வந்தன, உறிஞ்சும் இயந்திரங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சீர்செய்ய 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எண்ணெய்க் கறை போகாத கைகளால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோதும், கரையில் குவிந்த எண்ணெய்க் குழம்பை மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டில்தான் அள்ளினார்கள். ஏழு ஆண்டுகள் நெருங்கியும் அதே பக்கெட், அதே வெறுங்கை. இந்தக் கழியில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டியதும் சுடுநீரை விட்டதும் வேறு கைகள். அள்ளியதெல்லாம் இந்தக் கைகள்.

நீர்மேல் மிதந்ததை எடுத்தாயிற்று. சேற்றில் படிந்ததை ஒவ்வொரு ஏற்றமும் கிளறும், ஒவ்வொரு வற்றமும் பரப்பும். அந்தச் சேற்றில்தான் இறால் குஞ்சு வளரவேண்டும், மடவை மேயவேண்டும், வேர் மூச்சுவிடவேண்டும். கண்ணுக்குக் கறுப்புத் தெரியவில்லை என்பதால் கணக்கை முடித்துவிடக் கூடாது. ஆறு தேறிவிட்டதா என்று சொல்லும் தகுதி அதில் தினமும் இறங்குகிறவர்களுக்குத்தான் உண்டு. அவர்கள் தேறிவிட்டது என்று சொல்லும் நாள்வரை ஆலையின் பொறுப்பும் அரசின் கோப்பும் மூடப்படாமல் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்த எதையும் நீதி என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.