ஒரு ஆக்சிஜன் அணு எங்கே போச்சு?

சுங்குவார்சத்திரத்தில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக நின்றால் கண்ணெதிரே ஒரு வேதிச் சமன்பாடு ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் பெட்ரோல் எரிவது! பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை திறந்தது. ஆனால் இந்தச் சமன்பாட்டை எழுதச் சொன்னால் பலருக்கும் உதைக்கும்.

பெட்ரோல் ஒரு கலவை. கணக்குக்காக அதை ஆக்டேன் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு ஆக்டேன் மூலக்கூறில் 8 கார்பன், 18 ஹைட்ரஜன். அவசரத்தில் எழுதினால் இப்படி வரும்:

1 ஆக்டேன் + 12 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 9 தண்ணீர்

கார்பன் சரி, ஹைட்ரஜன் சரி. அப்பாடா என்று பேனாவை மூடினால் போச்சு! ஆக்சிஜனை எண்ண வேண்டாமா? ஒரு ஆக்சிஜன் மூலக்கூறில் 2 அணு. ஆக, இடப்பக்கம் 24. வலப்பக்கம் 16 + 9 = 25.

இடப்பக்கம் ஆக்சிஜன் ஜோடியாகவே வருவதால் அங்கே எப்போதும் இரட்டைப்படைதான். வலப்பக்கம் ஒற்றைப்படை வந்தாலே எங்கோ தப்பு. மருந்து சுலபம். ஆக்டேனை இரண்டாக்கி மறுபடி எண்ண வேண்டும்:

2 ஆக்டேன் + 25 ஆக்சிஜன் → 16 கார்பன் டை ஆக்சைடு + 18 தண்ணீர்

இப்போது இரு பக்கமும் 50.

சிலர் எண்ணை விட்டுவிட்டுப் பொருளிலேயே கை வைப்பார்கள். முதல் சமன்பாட்டில் ஒரு கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஒரு ஆக்சிஜனை எடுத்துவிட்டால் போதுமே! 24க்கு 24, கணக்கு டாலி. ஆனால் அங்கே இப்போது இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் ஆளையே கொன்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், காற்று போதாதபோது எஞ்சினும் கார்பன் மோனாக்சைடைத்தான் கக்கும். அதைச் சரிசெய்யத்தான் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டர். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. அதற்குள்ளே நடக்கும் ஒரு வினை:

2 கார்பன் மோனாக்சைடு + 2 நைட்ரிக் ஆக்சைடு → 2 கார்பன் டை ஆக்சைடு + 1 நைட்ரஜன்

எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

ஆகவே திருத்தும்போது இரண்டு கேள்வி. பொருள் சரியா? பிறகு எண்ணிக்கை சரியா? முன்னால் நிற்கும் எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வாய்ப்பாட்டை மட்டும் தொடக்கூடாது.