60 பவுண்டு வேண்டாம்

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள். அடுத்த தடவை அதையும் எழுது.

ஃபோர்ஹேண்ட் எல்லாம் பேஸ்லைனைத் தாண்டிப் போகிறது, அதனால் 52 பவுண்டு டென்ஷனில் இருக்கும் டென்னிஸ் ராக்கெட் கட்டை, அதாவது இழைகளை, 60க்கு ஏற்றப்போகிறேன் என்கிறாய். ஏற்றாதே.

இறுக்கினால் கன்ட்ரோல் வரும் என்று கோர்ட்டில் எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கட் தளர்வாக இருந்தால், பந்து பட்டதும் கயிற்றுக் கட்டில் மாதிரி உள்வாங்கிக்கொள்ளும். பந்து குறைவாக நசுங்கும், சக்தி வீணாகாமல் திரும்பி வரும். பந்தும் ஒரு துளி நேரம் கூடுதலாக ராக்கெட்டில் தங்கும். தங்குவதே ஏறக்குறைய 5 மில்லிசெகண்டுதான். ஆனால் அதற்குள் உன் கை மேலே ஏறிக்கொண்டிருப்பதால் பந்து சற்று உயர்ந்து கிளம்பும், தள்ளிப்போய் விழும். இறுக்கினால் இதெல்லாம் குறையும், பந்து கிட்டே விழும். வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே நீளம் மட்டும்தான் தொல்லை என்றால் இறுக்குவதில் அர்த்தம் உண்டு. இடமும் வலமும் சிதறுகிறது என்றால், பெரும்பாலும் நீ பந்துக்கு லேட்டாகப் போகிறாய். அதற்குக் கட் என்ன செய்யும்?

இன்னொன்று. நீ போட்டிருப்பது பாலியெஸ்டர். 1997இல் குவெர்ட்டன் அந்தக் கட்டோடு பிரெஞ்சு ஓபன் ஜெயித்ததிலிருந்து எல்லாருக்கும் அதன்மேல் மோகம். ஸ்பின் நன்றாக வரும், மறுக்கவில்லை. அடிக்கும்போது நெட்டு இழைகள் விலகி, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புவதால் வருகிற ஸ்பின் அது. ஆனால் பாலியெஸ்டர் சீக்கிரம் செத்துவிடும். அறுந்தால்தான் மாற்றுவேன் என்று நீ உட்கார்ந்திருப்பாய், அது அறுவதற்கு வெகுநாள் முன்பே டென்ஷனை இழந்திருக்கும். இப்போதே ராக்கெட்டை எடுத்துப் பார். நடுவில் இழைகள் கோணிக்கொண்டு, அடித்தபிறகு தானாகத் திரும்பாமல் நிற்கின்றனவா? அப்படியென்றால் உன்னிடம் இருப்பது 52 அல்ல. வெயிலில் கார் டிக்கியில் போட்டுவைக்கும் பழக்கம் வேறு உனக்கு உண்டே!

ஆகவே முதலில் அதே கட்டை அதே 52இல் புதிதாகப் போட்டு ஆடு. பாதிப் பந்துகள் அதிலேயே உள்ளே வந்துவிடும் என்பது என் கணிப்பு. அப்புறமும் நீளம் போனால் 54. ஒரு தடவைக்கு இரண்டு பவுண்டுக்கு மேல் கை வைக்காதே. கட்டையும் டென்ஷனையும் சேர்த்து மாற்றாதே, எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். கட் போடுகிறவரையும் மாற்றாதே. கையால் சுற்றி லாக் ஆகும் மெஷினில் போட்ட 52, எலக்ட்ரானிக் மெஷினில் போட்ட 52ஐவிடத் தளர்வாகத்தான் இருக்கும். தேதியையும் பவுண்டையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ராக்கெட் கழுத்தில் ஒட்டு. சோதிக்கும் அன்று நல்ல பந்தாக எடுத்துப் போ, மொட்டைப் பந்தில் ஒன்றும் தெரியாது.

பெரிய ஆட்டக்காரர்களின் எண்ணைப் பார்த்து மயங்காதே. போர்க் மர ராக்கெட்டில் 80 பவுண்டு வாக்கில் இழுத்துக் கட்டினார். இன்றைக்கு மன்னாரினோ 30க்கும் கீழே வைத்து ஆடுகிறார். இரண்டு பேருமே பந்தை நினைத்த இடத்தில் போட்டவர்கள்தான்.

60இல் பாலியெஸ்டர் போட்டால் முதலில் பேசப்போவது உன் முழங்கை. இப்போதே அங்கே வலி இருந்தால் மறைக்காமல் எழுது. அந்தக் கட்டை வெட்டிப் போட்டுவிட்டு கைக்கு இதமான மல்டிஃபிலமென்ட் கட் போட்டுக்கொள். கடைசியாக எப்போது கட் போட்டாய் என்பதையும் எழுது, உன் கடிதத்தில் அதுவும் இல்லை.

அன்புடன்,
அக்கா