ஆம்பூரில் ஒரு பகலுணவு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் ஆம்பூர். முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தோல் தொழிலும் காலணித் தொழிற்சாலைகளும் இவ்வூருக்குச் சோறிடுகின்றன; பிரியாணி புகழைத் தேடித் தந்தது. ஆயினும் ஊரின் விருந்தோம்பலை அறிய விரும்புவோர் கடைவீதியைக் கடந்து வீடுகளுக்குள் செல்ல வேண்டும்.

தோல் பதனிடும் தொழிலாளியான ஒரு சகோதரரின் இல்லத்தில் பகலுணவு அருந்தும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. விரிக்கப்பட்ட தஸ்தர்கானில் சோறும், ‘பெரிய கறி’ என நம்மவர் வழங்கும் மாட்டுக்கறிக் குழம்பும் மட்டுமே இருந்தன. “எளிய சாப்பாடுதான் ஹஜ்ரத், குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார் அவர். உண்டு முடித்தபோது, குறை எங்கே என்று நான் தேட வேண்டியிருந்தது!

செய்முறையை உள்ளே கேட்டு வந்து சொன்னார். எலும்பும் சிறிது கொழுப்பும் கலந்த ஒரு கிலோ கறியைச் சிறு துண்டுகளாக்கிக் கழுவி வடிக்க வேண்டும். பட்டை, கிராம்பு தாளித்து, 4 பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, 2 மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதும் 3 தக்காளியும் சேர்த்து மசிய விட வேண்டும். மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 4 தேக்கரண்டி, சிறிது மஞ்சள், உப்பு ஆகியவற்றுடன் கறியையும் இட்டு, அது விடும் நீர் சுண்டும்வரை கிளற வேண்டும். பின்னர் கொதிநீர் ஊற்றி மூடி, சிறு தீயில் சுமார் 2 மணி நேரம் வேகவிட வேண்டும். உழைத்து உரமேறிய தசையின் நார் மெல்லிய சூட்டில்தான் இளகிக் கரையும். குழம்பும் அதனாலேயே கெட்டிப்படும். அவசரத் தீயோ கறியை இறுக்கிவிடும்.

2022 மே மாதம் இவ்வூரில் நடக்கவிருந்த அரசு பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றானபோது எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. விழாப் பந்தலில் இடம் பெறாத அந்தக் கறிதான் உழைப்பாளி வீடுகளில் விருந்தினரைக் கௌரவிக்கிறது.

குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனியுங்கள் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அந்த வீட்டாரோ அதன் உட்பொருளையும் உணர்ந்தவர்கள். மாட்டுக்கறி உண்ணாத பக்கத்து வீட்டுக்கு அவர்கள் அன்று அனுப்பியது ஒரு சீப்பு வாழைப்பழம்!

சகோதர சகோதரிகளே! கடன் வாங்கிப் பத்து வகை பரிமாறிவிட்டு, மாதக்கணக்கில் தவணை கட்டி வருந்தும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உங்கள் வீட்டுக்கு விருந்தினர் வரும்போது ஒரு சட்டிக் குழம்பையே முகமலர்ச்சியோடு பரிமாறுங்கள். வந்தவர் வயிறும் நிறையும். உங்கள் வாசலில் கடன்காரர் நிழலும் விழாது.