தவில் யார்?

மார்கழி பிறந்துவிட்டால் புதிய கர்நாடக இசைத் தொகுப்புகள் வரிசை கட்டிக்கொண்டு வெளிவருகின்றன. அந்தக் காலத்தில் கடைக்குப் போய் வாங்க வேண்டும். இன்று கைப்பேசியே கடை. விரல் பட்டால் பாடுகிறது. பாடியவர் படம், பெயர், ராகம், தாளம், எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்பதுவரை திரையில் தெரிகிறது. நண்பர்களே, அதே திரையில் இன்னும் ஒன்றையும் தேடிப் பாருங்கள். வயலின் யார்? மிருதங்கம் யார்? பல தொகுப்புகளில் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போனாலும் அந்தப் பெயர்கள் அகப்படுவதில்லை. நாகசுரத் தொகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ‘மங்கல இசை’ என்று எழுதி ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். சிலவற்றில் ஊதியவர் பெயரே இராது. தவில் வாசித்தவரை யார் நினைக்கப் போகிறார்கள்!

இதை எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் இயற்பியல் மாணவன். பாட்டுக் கற்றவனல்லன். தோடியைத் தவிர வேறு ராகத்தைக் கேட்டவுடன் சொல்லத் தெரியாது. தோடி தெரிவதும் வீட்டுப் பழக்கத்தால்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் இசைத்தட்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவன். குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தாத்தா ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் தென்னைமரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது அவர் தொழில். பிறகு அப்பா ஏற்றுக்கொண்டார். கேசட், சி.டி., இப்போது பென் டிரைவ். தாத்தா வாங்கிய தட்டுகள் நாற்பத்தொன்று, தகரப் பெட்டியில் பரண்மேல் இருக்கின்றன. அவற்றைத் தாத்தா இன்றும் ‘பிளேட்டு’ என்றுதான் சொல்வார். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அவர், சரளமாக எழுத்துக்கூட்டப் பழகியதே அந்தத் தட்டுகளின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் படித்துத்தான்.

பெயர் என்பது இசைத்தட்டோடு கூடப் பிறந்த பிரச்சினை. இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. பதிவுசெய்ய வந்தவர் பிரெட் கெய்ஸ்பெர்க். அன்று பாடியவர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தன் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் நிறுத்துவார். இது அகந்தை என்று நினைக்க வேண்டாம். அன்று பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய், அங்கே தட்டுகளாக அச்சாகி வரவேண்டும். அங்கிருக்கும் தொழிலாளிக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று அவன் திகைக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. கௌஹர் ஜான் பிற்காலத்தில் மைசூர் அரண்மனைப் பாடகியாகி 1930இல் அங்கேயே காலமானார். ஆனாலும் இன்று அந்தப் பழைய தட்டைப் போட்டால், யார் மறைத்தாலும் மறையாமல், அவர் பெயரை அவரே சொல்கிறார்.

கௌஹர் ஜான் சொன்னது தம் பெயரை. பக்கத்தில் அமர்ந்து சாரங்கியும் தபலாவும் வாசித்தவர்கள் பெயரை யார் சொல்வது?

எங்கள் தஞ்சை மண்ணில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூர்மையானது. ‘இன்னார் கச்சேரி’ என்று யாராவது சொன்னால், பெரியவர்கள் வாயிலிருந்து அடுத்து வருவது, “தவில் யாரு?” என்பதுதான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும், 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் தாத்தாவின் தலைமுறைக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மணிக்கணக்கில் தோடி ஊதியவர். அதே தோடியை 78 சுற்றுத் தட்டுக்காக ஊதியபோது ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்று நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் 234 சுற்று. அதற்குள் ஒரு ராகம்! 1948இல் அமெரிக்காவில் நீண்ட நேரத் தட்டு வந்தது. அது நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் 733 சுற்று. தனித்தவில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்கு வாசித்த தட்டு எங்கள் பெட்டியிலும் உண்டு. தாத்தா மூன்று தடவை வாங்கி மூன்றும் தேய்ந்த தட்டு அது.

இனித் தாத்தாவின் கதைக்கு வருகிறேன். ரேடியோ செட்டில் முதலில் போடுவது நாகசுரம். அது சாஸ்திரம். நிஜமான மேளம் வந்து அமரும்வரை ஊருக்குக் கல்யாணம் என்று தெரிவிக்கும் அறிவிப்பு அது. நாளாக ஆக, கையில் காசு இல்லாத வீடுகளில் “செட்டே நாயனம் போடுதே, மேளம் வேற எதுக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படியொரு கல்யாணத்தில் கெட்டிமேளமும் தாத்தாவின் தலையில் விழுந்தது. அதற்கென்று தனித் தட்டு. ஐயர் கையை உயர்த்தும் நொடியில் ஊசியைச் சரியான வரியில் இறக்க வேண்டும். நிஜத் தவில்காரர் மணவறையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். தாலி ஏறத் தாமதமானால் அவர் கையும் தாமதிக்கும். தட்டுக்குக் கண்ணில்லையே! மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சுப் போடும்போதே மேளம் தீர்ந்து, அடுத்த பாட்டின் முதலடி கிளம்பிவிட்டதாம். தாத்தா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கல்யாணத்துக்கு உள்ளூர்த் தவில்காரர் விருந்தாளியாக வந்திருந்தார். வாசிக்க அழைக்கப்படவில்லை, சாப்பிட மட்டும் அழைப்பு. பந்தி முடிந்ததும் அவர் நேரே செட்டுக்காரரிடம் வந்து நின்றார்.

“தம்பி, நீ போட்ட பிளேட்டுல நாயனம் யாரு?”

தாத்தா படித்துச் சொன்னார்.

“தவில் யாரு?”

“அது போடலியே அண்ணே.”

“மறுபடி வையி.”

தாத்தா வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதித் தட்டு ஓடுவதற்குள் பெயரைச் சொல்லிவிட்டார். “அந்த உருட்டல் ஒருத்தர் கைக்குத்தான் வரும். எழுதி வச்சுக்க” என்றாராம். கல்யாண வீட்டு மளிகைச் சிட்டையோடு கிடந்த காப்பி பென்சிலால் தாத்தா உறையின்மேல் எழுதினார். அன்றிலிருந்து புதிதாக எந்தத் தட்டு வாங்கினாலும் முதலில் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போகும். இத்தனைக்கும் அவர் பிழைப்பில் மண் போட்டது இந்த ரேடியோ செட்தான். அவரும் அதை மறக்கவில்லை. “உன் பொட்டி எங்க கூலியத் தின்னுது தம்பி” என்று சொல்லிக்கொண்டேதான் பெயர் சொல்வாராம்.

இப்படிப் பென்சிலில் ஏறிய பெயர்கள் எங்கள் பெட்டியில் ஏராளம். வட்டக் காகிதத்தில் அச்சான பெயர்களைவிட அவைதான் அதிகம்.

அந்தத் தவில்காரர் இன்றில்லை. அவர் மகனும் தவில்காரர். பேரன் நம் கல்லூரியில் வரலாறு படிக்கிறான். ஒரே பேருந்தில் வருகிறோம். ஈராண்டுக்கு முன் அவனுடைய தந்தையார் சென்னைக்குப் போய் ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் இரண்டு நாள் வாசித்துவிட்டு வந்தார். தவிலின் ஓசை நாகசுரத்தை மூடிவிடும் என்று அவரைத் தனிக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டிவிட்டார்களாம். “நாயனக்காரர் கன்னம் உப்புறதப் பாத்துத்தான் நான் அடுத்தது வாசிப்பேன். அங்க செவுத்தப் பாத்து வாசிச்சேன்” என்றார் என்னிடம். அந்தத் தொகுப்பு வெளிவந்த அன்று நண்பன் சிற்றுண்டிச்சாலையில் கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினான். “எங்கப்பாடா” என்றான். பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கப்பா பேரு எங்கடா இருக்கு?” என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நண்பன் தேடினான். மேலே ஒரு பெயர், கீழே நிறுவனத்தின் பெயர், நடுவில் ஒன்றுமில்லை. கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டான்.

மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். தந்தையார் தவிலுக்கு வார் பிடித்துக்கொண்டிருந்தார். “சம்பளம் குடுத்துட்டாங்கப்பா. பேரு யாரு கேட்டா?” என்றார். அவர் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சட்டம் கேட்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தம், தம் நிகழ்ச்சியில் தம்மை இன்னாரென்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையை நிகழ்த்தும் கலைஞருக்கு வழங்குகிறது. பயன்படுத்தும் முறையினால் பெயரை விடவேண்டியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. மூன்று நிமிடத் தட்டின் சிறு வட்டத்தில் இடமில்லை என்று அன்று சொன்னால் ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் நீளக்கூடிய கைப்பேசித் திரையில் ஒரு வரிக்கு இடமில்லையா?

மனமிருந்தால் இடமுண்டு என்பதற்குச் சான்று காட்ட முடியும். 1975இல் நியூயார்க் மாநிலத்தில் பதிவாகி மறு ஆண்டு வெளியான ‘சக்தி’ குழுவின் முதல் தொகுப்பில் கித்தார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாடு ராகவன், கடம் விக்கு விநாயக்ராம் என்று ஐவரும் பெயரோடு இருக்கிறார்கள். அதே குழு 2023இல் வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ என்ற தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. விருதுபெற்றோர் வரிசையில் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் ஒருவர். தாளம் வாசிப்பவர் பின்னணிக்காரர் ஆகிவிடவில்லை. ‘இது சாஸ்திரீய சங்கீதமா?’ என்று எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் சண்டைக்கு வருவார். வரட்டும். பெயர் போடும் வழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு சங்கீதத்தை நாம் வைத்துக்கொள்ளலாம்.

நம் காதுக்கு மிகவும் பழகிய தட்டிலேயே இந்த மறதி இருக்கிறது. 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத்தைக் கேளாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. மார்கழி விடியலில் அப்பா போடுவதும் அதுதான். ‘எம்.எஸ். சுப்ரபாதம்’ என்றே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதில் ஒலிப்பது இரண்டு குரல். இன்னொன்று ராதா விஸ்வநாதனுடையது. அவர் 2018இல் மறைந்தார். என் வகுப்பில் பதினொரு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. இரண்டு குரல் இருப்பதே தெரியாது என்றார்கள் நால்வர்.

நாகசுரத்தில் மட்டும் நிலைமை முழுக்க இருட்டென்று சொல்லமாட்டேன். ஷேக் சின்ன மௌலானாவின் சீடர்களான காலிஷாபி, ஷேக் மஹபூப் சுபானி தம்பதியருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது இருவர் பெயரையும் சேர்த்தே அறிவித்தார்கள். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. தாத்தா மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

பெயரில் என்ன இருக்கிறது, இசையை ரசித்தால் போதாதா என்று விடுதி நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஆய்வகத்தில் ஊசலை ஆட்டிவிட்டு ஐம்பது அலைவுக்கு நேரம் குறிக்கிறோம். நான் ஆட்டினாலும் நீங்கள் ஆட்டினாலும் புவியீர்ப்பு ஒன்றுதான். அப்படியிருந்தும் ரிக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் பதிவெண்ணும் இல்லையென்றால் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள்! தவிலோ யார் அடித்தாலும் ஒன்றாக ஒலிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டே ஆளைச் சொன்ன ஒரு மனிதர் எங்கள் ஊரில் இருந்தார்.

இந்தக் கோடை விடுமுறையில் நாற்பத்தொரு தட்டுகளையும் இறக்கித் துடைத்து, நீள நோட்டில் பட்டியல் எழுதினேன். தட்டு எண், ராகம், வாசித்தவர், பக்கவாத்தியம் என்று நான்கு பத்தி. அச்சானதை நீலத்திலும் பென்சிலில் இருந்ததைச் சிவப்பிலும் எழுதினேன். பட்டியலின் முடிவில், நாற்பத்திரண்டாவதாக, தட்டே இல்லாத அந்தக் கைப்பேசித் தொகுப்பையும் சேர்த்து, தவில் என்ற பத்தியில் நண்பனின் தந்தையார் பெயரை அவனையே எழுதச் சொன்னேன். அழகான கையெழுத்து அவனுக்கு.

மூன்று கட்டங்கள் இன்னும் காலி. மூன்றும் நாகசுரத் தட்டுகள். ஒன்றில் வட்டக் காகிதம் பாதி கிழிந்திருக்கிறது. மற்ற இரண்டும் பழைய தவில்காரர் மறைந்த பிறகு வாங்கியவை. தாத்தாவின் பழைய பிளேயரை மின்னணுவியல் ஆசிரியரின் உதவியால் ஓடவைத்து ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன். நண்பனின் தந்தையார் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். தவில் கை தெரிந்தவர்கள் மாணவர்களிலோ ஆசிரியர்களிலோ, உங்கள் வீட்டுப் பெரியவர்களிலோ இருந்தால், இயற்பியல் ஆய்வகத்துக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் வாருங்கள். ஊசி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் தேய்ந்தது. ஒரு தட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போட முடியும்.